பதினேழாம் எண்

உச்சிப்புளிச் சந்தையில் சீனி உதுமான்
தார்ப்பாயில் கொட்டி வைத்திருப்பதெல்லாம்
குளிர்நாட்டுக்காரர்கள் உடுத்திக் கழித்த கம்பளிக் கோட்டுகள்.
தூத்துக்குடியில் இறங்கி
பேல் பேலாய் இங்கே வரும்.
வாடை பிறந்துவிட்டால்
ராத்தங்கல் போகிறவர்கள் வந்து அள்ளுவார்கள்.
பொம்பளைக் கோட்டா ஆம்பளைக் கோட்டா என்று
கடலில் யார் பார்க்கப் போகிறார்கள்.

தம்பி இன்னாசிக்கு எடுத்த கோட்டில்
கழுத்துப்பட்டையில் குத்தியபடியே வந்தது முதலாவது.
ஒரு ரூபாய் வட்டம்.
மழைக்கு முந்தின கடலின் நிறம்.
பின்புறம், கண்ணைச் சுருக்கினால் தெரிகிற எழுத்தில்,
ஸ்காட்லாந்து.

அடகுக்கடையில் உரைகல்லை எடுக்கவேயில்லை.
நகத்தால் ஒரு கீறல்.
"வெள்ளீயம்மா. சொம்பாயிருந்தா ரசம் வைக்கலாம்."

அதற்குப் பிறகு நான் கோட்டு வாங்கவில்லை.
சந்தைக்குச் சந்தை
செத்தவர்களின் கழுத்துப்பட்டைகளைத்
தடவிக்கொண்டிருந்தேன்.

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
எந்தப் படகு, எத்தனை பார், எவ்வளவு பாக்கி.
அதே பேனாவால் இதற்கும் ஒரு நோட்டில் கோடு போட்டேன்:
எண். வடிவம். முத்திரை. ஊக்கு. விலை.

ஒன்று, முள்பூ.
அந்த நாட்டுக்கே அதுதான் அடையாளமாம்.
முள்ளை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்கிற சனம்.
நம் சீமைக்கருவேலுக்கு
எந்தத் தட்டான் இப்படி உட்கார்ந்து இழைத்தான்?

நாலு, மான். ஒரு கொம்பு இல்லை.

ஏழு, முடிச்சு.
இன்னாசி வலையைக் கீழே வைத்துவிட்டு
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"தலைப்பே இல்லையேக்கா இதுக்கு.
எங்கே தொடங்கி எங்கே இழுக்க?
பொய் முடிச்சு."

பத்தாவதில் உதுமான் விழித்துக்கொண்டார்.
எனக்கு முன்னால் அவரே தடவி எடுத்து
பீடிக்கட்டு டப்பாவில் போட்டு வைத்தார்.
கோட்டு எண்பது. கோட்டில்லாமல் ஊசி மட்டும்
நூற்றைம்பது.

எதையும் அணிந்ததில்லை.
சேலை கனம் தாங்காமல் சரியும்.
ஒரே ஒரு ஞாயிறு, பூசைக்கு, முடிச்சைக் குத்திப் போனேன்.
"மாதா மெடலா?" என்றாள் விர்ஜினம்மாள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் காற்றில் ஈயத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.
பின்னால் இருக்கிற இரும்பு ஊக்குதான்
சிவந்து, பொரிந்து, ஒரு நாள் உதிர்ந்துவிடும்.
கப்பலுக்கு அப்படித்தான் ஆனது.
பதினேழாம் எண்.
முன்னும் பின்னும் வளைந்த பழங்காலத்துக் கப்பல்,
அரிசியளவு கேடயங்கள் வரிசையாய்.
புது ஊக்கு வைக்க வெளியே எடுத்தவள்
போன் வந்ததென்று வாசலில் வைத்துவிட்டுப் போனேன்,
இன்னாசியின் ஈயத்துண்டு டப்பாவுக்குப் பக்கத்தில்.

நண்டு வலைக்குக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தான்.
நான் திரும்பி வருவதற்குள்
கரண்டியில் கண்ணாடி மாதிரி மினுங்கியது.
"பேட்டரி ஈயம் வெந்து வரவே நேரமாகும்,
இது தொட்டவுடனே இளகிடுச்சுக்கா," என்றான்,
பாராட்டுகிற குரலில்.

சொன்னேன்.
அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.
கரண்டியை மணலில் குத்தினான், எடுத்தான்.
இருவரும் சாப்பிடாமல் படுத்தோம்,
விடியுமுன் அவன் போய்விட்டான்.

பத்து மணிக்குத் தெற்குவாடியிலிருந்து வந்தான்.
உள்ளங்கையில் ஒரே ஒரு குண்டு, நடுவில் துளை,
மற்றதைவிட வெளுப்பு.
"அறுத்துட்டேன். கனமே இல்ல.
வலையில அந்த மூலை மட்டும் நிக்கவே மாட்டேங்குது."

நோட்டை எடுத்தேன்.
எண் பதினேழு.
வடிவம்: கப்பல் என்பதை அடித்து, குண்டு.
முத்திரை: இல்லை.
ஊக்கு: இல்லை, துளை உண்டு.
விலை நூற்றைம்பது, அது அப்படியே இருக்கட்டும்.
செய்த இடம் என்று புதிதாய் ஒரு கோடு போட்டு
பாம்பன் என்று எழுதினேன்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து,
ஈரத் துண்டால் தலை துவட்டியபடி
இன்னாசி சொன்னான்:
"கடல்ல இறங்குச்சுன்னு எழுதிராதக்கா.
மேலே மேலே வந்துச்சு."